ஏறியதை இறக்கம் திருப்பித் தருமா?

வட்டமாக அமைந்த ஒரு பாதையில் ஓடி, புறப்பட்ட இடத்திற்கே திரும்பி வருகிறோம் என்று வைத்துக்கொள்வோம். வழியெல்லாம் மேடும் பள்ளமும். எத்தனை மீட்டர் ஏறினோமோ அத்தனை மீட்டர் இறங்கித்தான் ஆகவேண்டும். இல்லாவிட்டால் புறப்பட்ட இடத்திற்கு வந்து சேர முடியாது. ஏற்றமும் இறக்கமும் இப்படிச் சரிக்குச் சரியாக இருக்கும்போது, ஏறும்போது கொடுத்த உழைப்பு இறங்கும்போது நமக்குத் திரும்பக் கிடைத்துவிடாதா? அப்படியானால் மேடு பள்ளமான 11 கிலோமீட்டரும் சமதரையான 11 கிலோமீட்டரும் ஒன்றுதானே?

இந்தக் கேள்வியை நாம் கற்பனையாக எழுப்பவில்லை. எங்கள் நண்பர் ஒருவர் கோப்பிக்கடையில் உட்கார்ந்து, மேசைமீது விரலால் கணக்குப் போட்டுக் கேட்ட கேள்வி இது. அவர் திடலில் 10 கிலோமீட்டரை ஒரு மணி நேரத்திற்குள் ஓடி முடிப்பவர். "மெக்ரிட்சி சுற்றுப்பாதை 11 கிலோமீட்டர்தானே? ஒரு மணி பத்து நிமிடம் போதும்" என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே நாங்கள் நால்வர் புறப்பட்டோம். நண்பர் சுற்றை முடிக்க இரண்டரை மணி நேரம் ஆயிற்று. அதில் இருபது நிமிடத்தை அவர் ஒரு மரத்தடியில் மல்லாந்து படுத்துக் கழித்தார். அவருடைய கணக்கில் பிழை எங்கே இருந்தது என்பதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

முதலில் அந்த இடத்தைப் பற்றிச் சில சொற்கள். சிங்கப்பூரின் முதல் நீர்த்தேக்கம் மெக்ரிட்சி. நகர மக்களுக்கு நல்ல குடிநீர் கிடைக்கவேண்டும் என்று 1857ஆம் ஆண்டில் டான் கிம் செங் என்ற வணிகர் 13,000 வெள்ளி நன்கொடை கொடுத்தார். நீர்த்தேக்கம் கட்டி முடிந்தது 1868இல். நெடுங்காலம் தாம்சன் சாலை நீர்த்தேக்கம் என்று அழைக்கப்பட்ட அது, 1922இல்தான் நகராட்சிப் பொறியாளராக இருந்த ஜேம்ஸ் மெக்ரிட்சியின் பெயரைப் பெற்றது. அதற்கு முன்னர் இத்தீவின் காடுகளில் பெரும்பகுதி கேம்பியர், மிளகுத் தோட்டங்களுக்காக அழிக்கப்பட்டுவிட்டது. நீர்த்தேக்கத்தைச் சுற்றியுள்ள நிலத்தில் மரம் வெட்டக்கூடாது, தோட்டம் போடக்கூடாது என்ற கட்டுப்பாடு வந்ததால் இந்தப் பகுதியில் காடு பிழைத்தது. தண்ணீருக்காகக் காடு காப்பாற்றப்பட்டது. அந்தக் காட்டுக்குள்தான் இன்று நாம் ஓடுகிறோம். நேயர்களில் பலர் மாணவப் பருவத்தில் பள்ளிகளின் நெடுந்தூர ஓட்டப் போட்டிக்காக அங்கே போய், செம்மண் படிந்த வெள்ளைச் சப்பாத்துடன் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் ஏச்சு வாங்கியிருப்பீர்கள்.

பூங்காவின் வாயிலிலிருந்து ஏரியை இடக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு புறப்பட்டால், முதலில் நீரோரமாகவே பலகைப் பாதை வளைந்து வளைந்து செல்லும். காலை நேரத்தில் நீரின்மேல் மெல்லிய ஆவி எழும்பும். எதிர்க்கரைக் காடு தலைகீழாக நீரில் தெரியும். பிறகு பாதை ஏரியை விட்டு விலகி, வேர்களும் கற்களும் நிறைந்த மண் பாதையாக மாறி ஏறி இறங்கும். வனக்காவலர் நிலையத்தைத் தாண்டி மேலே போனால் மரமுகட்டுத் தொங்கு பாலம். 2004இல் திறக்கப்பட்ட இப்பாலம், புக்கிட் பியர்ஸ், புக்கிட் காலாங் என்ற இரண்டு குன்றுகளை இணைக்கிறது. நீளம் 250 மீட்டர்; மிக உயரமான இடத்தில் காட்டின் தரையிலிருந்து 25 மீட்டர். ஒரு திசையில்தான் போகலாம். அங்கே ஓடாமல் நடப்பதே முறை. நடுவில் நின்று பார்த்தால் பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் மர உச்சிகள், அவற்றுக்கு அப்பால் மேல் பியர்ஸ் நீர்த்தேக்கத்தின் நீர்ப்பரப்பு. மலை எங்கே என்று கேட்கிறீர்களா? சிங்கப்பூரின் மிக உயர்ந்த குன்றான புக்கிட் தீமாவே 163 மீட்டர்தான். மலை பார்க்க விரும்புவோர் கினபாலுவுக்குத்தான் போகவேண்டும். ஆனாலும் குன்று சிறியது என்று அலட்சியமாக நினைத்தால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் நண்பரே சாட்சி.

இப்போது கணக்குக்கு வருவோம். 2002ஆம் ஆண்டில் இத்தாலிய உடலியல் அறிஞர் மினெட்டியும் அவருடைய குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மலையோட்டத்தில் தேர்ந்த பத்து வீரர்களை ஓடுபொறியில் ஓடவைத்து, அந்தப் பொறியைப் பல கோணங்களில் ஏற்றமாகவும் இறக்கமாகவும் சாய்த்து, அவர்கள் உட்கொண்ட உயிர்வளியை அளந்து, ஒவ்வொரு சரிவுக்கும் உடல் செலவிடும் ஆற்றலைக் கண்டுபிடித்தார்கள். அந்த முடிவுகளை நாம் வெள்ளிக் கணக்காக மாற்றிச் சொல்வோம்.

சமதரையில் ஒரு கிலோமீட்டர் ஓட 100 வெள்ளி செலவு என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து மீட்டர் தூரத்திற்கு ஒரு மீட்டர் உயரும் மேட்டில் அதே ஒரு கிலோமீட்டர் ஓட ஏறத்தாழ 166 வெள்ளி ஆகும். அதே சரிவில் இறங்கும்போது 60 வெள்ளி. கூடுதலாகக் கொடுத்தது 66; மிச்சமானது 40. ஆக, 26 வெள்ளி நட்டம். பரவாயில்லை, சிறிய நட்டம்தான் என்று சொல்லலாம். ஆனால் மேடு இன்னும் செங்குத்தாகி, பத்து மீட்டருக்கு இரண்டு மீட்டர் உயர்ந்தால் என்ன ஆகிறது? ஏற ஏறத்தாழ 250 வெள்ளி. இறங்க 50 வெள்ளி. கொடுத்தது 150, திரும்பியது 50. நூறு வெள்ளி போனது போனதுதான். அதையும்விடச் செங்குத்தான இறக்கத்தில் செலவு குறைவதற்குப் பதிலாக மீண்டும் கூடத் தொடங்குகிறது. கீழே உருண்டுவிடாமல் உடலை நிறுத்தி நிறுத்தி இறங்குவதற்கே ஆற்றல் வேண்டியிருக்கிறது அல்லவா?

ஏற்றம் வட்டிக்கு வாங்கும் கடன் என்றால், இறக்கம் அதில் ஒரு பகுதியை மட்டுமே தள்ளுபடி செய்யும் கடைக்காரர். மேடு எவ்வளவு செங்குத்தோ அவ்வளவுக்கு அவர் கையும் இறுகிவிடுகிறது.

இதை ஆய்வுக்கூடம் இல்லாமலேயே அனுபவத்தில் கண்டவர்கள் உண்டு. 1892இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி ஓர் எளிய விதி சொன்னார். நடப்பவர் ஒரு மணிக்கு மூன்று மைல் என்று கணக்கிட்டு, அதற்குமேல் ஏறும் ஒவ்வொரு 2,000 அடிக்கும் ஒரு மணி நேரம் சேர்த்துக்கொள்ளவேண்டும் என்பது அது. நம் அளவையில் சொன்னால், பத்து மீட்டர் உயரத்திற்கு ஒரு நிமிடம். ஒரு மீட்டர் ஏறுவது சமதரையில் எட்டு மீட்டர் நடப்பதற்குச் சமம் என்றும் சொல்லலாம். 11 கிலோமீட்டர்ச் சுற்றில் எல்லா மேடுகளையும் கூட்டி 200 மீட்டர் ஏற்றம் என்று வைத்துக்கொண்டால், அது 12½ கிலோமீட்டருக்கு மேல் ஆகிவிடுகிறது. வேரும் கல்லும் பாசியும் இந்தக் கணக்கில் இன்னும் சேரவில்லை.

மலையும் ஏரியும் கலந்த வட்டப் பாதை என்றால் உலகத்தில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது இங்கிலாந்தின் ஏரி மாவட்டம். அங்கே டெர்வெண்ட்வாட்டர் என்ற ஏரியின் அருகில் கெசிக் என்னும் சிற்றூர் இருக்கிறது. அவ்வூரில் தங்கும் விடுதி நடத்திவந்த பாப் கிரஹாம் என்பவர், 1932 ஜூன் மாதத்தில் ஊர் மன்றக் கட்டடத்தின் முன்னிருந்து புறப்பட்டு, 42 மலையுச்சிகளை ஏறி இறங்கி, 23 மணி 39 நிமிடத்தில் அதே இடத்திற்குத் திரும்பி வந்தார். தூரம் ஏறக்குறைய 106 கிலோமீட்டர். மொத்த ஏற்றம் 8,200 மீட்டர் அளவில். கினபாலுவின் உயரம் 4,095 மீட்டர் என்பதை நினைத்தால், கடல் மட்டத்திலிருந்து கினபாலு உச்சிக்கு இரண்டு முறை ஏறியதற்கு ஒப்பு. காலில் சாதாரண டென்னிஸ் சப்பாத்து. வழியில் அவித்த முட்டை, ரொட்டி, பால், பழம்.

அவர் செய்ததை இன்னொருவர் செய்து காட்ட 28 ஆண்டுகள் ஆயின. 1960இல்தான் ஆலன் ஹீட்டன் என்பவர் அந்தச் சுற்றை 24 மணி நேரத்திற்குள் முடித்தார். 1977இல் ஜீன் டாவ்ஸ் அதை முடித்த முதல் பெண்மணி ஆனார். 1982இல் பில்லி பிளாண்ட் அதை 13 மணி 53 நிமிடத்தில் ஓடினார். அந்தச் சாதனை 2018 வரை, 36 ஆண்டுகள் நிலைத்தது. இவ்வளவு பெரிய வீரர்கள் மேடுகளை எப்படி ஏறுகிறார்கள் தெரியுமா? செங்குத்தான இடங்களில் நடக்கிறார்கள். கைகளை முழங்காலுக்குச் சற்று மேலே தொடையில் ஊன்றி, குனிந்து, அடி சிறிதாக வைத்து நடக்கிறார்கள். மிகச் செங்குத்தான மேட்டில் மெதுவாக ஓடுவதைவிட விரைவாக நடப்பது உடலுக்குச் சிக்கனம். நம்மவர்களுக்கோ, எதிரில் யாராவது வந்துவிட்டால் நடப்பதற்கு வெட்கம்! எங்கள் நண்பர் வனக்காவலர் நிலையத்திலிருந்து பாலத்திற்கு ஏறும் மேடு முழுவதையும் ஓடியே ஏறினார். எதிரே ஒரு பள்ளி மாணவர் குழு இறங்கி வந்துகொண்டிருந்தது; வேறு காரணம் சொல்ல முடியவில்லை.

பாலத்தைத் தாண்டியதும் படிகள் நிறைந்த இறக்கம் வருகிறது. இங்கேதான் நண்பர் இரண்டாவது தவறைச் செய்தார். மேட்டில் இழந்த நேரத்தை மீட்கவேண்டும் என்று தாவித் தாவி இறங்கினார். மூச்சு வாங்காததால் அவருக்கு அது எளிதாகவே தெரிந்தது. இறக்கத்தின் வஞ்சகம் அதுதான். மூச்சு நம்மை எச்சரிப்பதில்லை.

கிணற்றில் தண்ணீர் இறைத்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். வாளியை மேலே இழுக்கும்போது கை வலிக்கும். ஆனால் உள்ளங்கை தோலுரிவது நிறைந்த வாளி நம்மை மீறிக் கீழே போகும்போதுதான். தொடையின் முன்புறத் தசையும் அப்படித்தான். மேட்டில் ஏறும்போது அது சுருங்கி உடலைத் தூக்குகிறது. இறங்கும்போது ஒவ்வோர் அடியிலும் உடலின் எடையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டே நீள்கிறது. இழுத்துப் பிடிக்கவும் வேண்டும், விட்டுக்கொடுக்கவும் வேண்டும். இப்படி நீண்டுகொண்டே உழைக்கும் தசையில் நுண்ணிய சிதைவுகள் ஏற்படுகின்றன. அவற்றின் வலி உடனே தெரியாது. மறுநாள் தொடங்கி இரண்டு மூன்று நாள்களில் உச்சத்தை அடையும். திங்கட்கிழமை காலை நண்பருடைய அடுக்குமாடியில் மின்தூக்கி அவர் வீட்டு மாடியில் நிற்கவில்லை. அரை மாடி இறங்கினால் மின்தூக்கி. அந்த எட்டுப் படிகளையும் அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக இறங்கினாராம்.

இதில் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. ஒருமுறை இப்படிச் சிதைந்து ஆறிய தசை, அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலையை மிகக் குறைந்த வலியுடன் செய்துவிடுகிறது. ஆகவே நீண்ட சுற்றுக்குப் போகும் முன்னர், பத்து நாளுக்கு முன்பு சிறிய இறக்கம் ஒன்றில் மெதுவாகச் சிலமுறை இறங்கிப் பழகிக்கொண்டால் போதும். அடியைச் சிறிதாக வைக்கவேண்டும். குதிகாலை முன்னே நீட்டி ஊன்றித் தடை போடக்கூடாது. முழங்காலைச் சற்று மடித்தே வைத்திருக்கவேண்டும். கண் சப்பாத்தின் நுனியைப் பார்க்காமல் மூன்று நான்கு அடிக்கு முன்னே வேர் எங்கே, கல் எங்கே என்று தேடவேண்டும். மழை பெய்த மறுநாள் பலகைப் பாதையும் வேரும் எண்ணெய் தடவியது போல் வழுக்கும். காட்சி பார்க்க விரும்பினால் நின்று பார்ப்பதே நல்லது. ஏரியைப் பார்த்துக்கொண்டே ஓடியவர்கள் கணுக்கால் பிசகி நொண்டிக்கொண்டு வந்ததை நாம் ஒன்றுக்கு மேற்பட்ட முறை பார்த்திருக்கிறோம்.

இதுவரை சொன்னவை நேரத்தையும் கால்வலியையும் பற்றியவை. உயிரோடு விளையாடுவது வேறொன்று. அது வெப்பம்.

ஓடும்போது நாம் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே அசைவாக மாறுகிறது, எஞ்சியதெல்லாம் வெப்பம். வியர்வை ஆவியானால்தான் அந்த வெப்பம் வெளியேறும். வியர்வை வழிந்து சொட்டினால் பயனில்லை. அது காய்ந்து போகவேண்டும். நம் நாட்டில் விடியற்காலையில் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டுக்கும் மேல். காட்டுக்குள் நிழல் உண்டு. ஆனால் காற்று அசைவதில்லை. மேடு ஏறும்போது நிலைமை இன்னும் மோசம்: உடல் மிகுதியாக வெப்பத்தை உண்டாக்குகிறது, வேகம் குறைவதால் உடலில் படும் காற்றும் குறைகிறது. அடுப்பைத் தூண்டிவிட்டுச் சன்னலை மூடுவதற்கு இது ஒப்பு. ஆகையால் மேட்டில் நடப்பது கால்களுக்குச் சிக்கனம் என்பதோடு நிற்பதில்லை. உடம்பு கொதிக்காமல் காப்பதும் அதுவே.

ஜெலுத்தோங் கோபுரத்தை நெருங்கும்போது நண்பர் பேசுவதை நிறுத்திவிட்டார். அவர் பேச்சை நிறுத்துவது எங்கள் நால்வருக்குள் நடக்காத காரியம். தலை வலிக்கிறது, கண் இருட்டுகிறது என்றார், கையில் மயிர்க்கூச்செறிந்திருந்தது. உடனே நிழலில் படுக்கவைத்துக் கால்களைச் சற்று உயர்த்தி, இருந்த தண்ணீரில் பாதியைத் தலையிலும் கழுத்திலும் ஊற்றி, தொப்பியால் விசிறினோம். பெயர் என்ன, இன்று என்ன கிழமை, வீட்டு எண் என்ன என்று கேட்டோம். எல்லாவற்றையும் சரியாகச் சொன்னதோடு, சட்டையை நனைத்ததற்குக் கோபமும் பட்டார். எங்களுக்கு உயிர் வந்தது.

அந்தக் கேள்விகளைச் சும்மா கேட்கவில்லை. வெப்பக் களைப்பு வேறு, வெப்பத் தாக்கு வேறு. முதலாவதில் மயக்கமும் குமட்டலும் இருக்கும். அறிவு தெளிவாக இருக்கும். இரண்டாவதில் உடலின் உள் வெப்பம் 40 பாகையைத் தாண்டி மூளையைத் தாக்குகிறது: பேச்சு குழறும், நடை தள்ளாடும், கேட்டதற்கு மாறாகப் பதில் வரும், காரணமில்லாமல் சண்டைக்கு வருவார்கள். வியர்வை நின்றிருந்தால்தான் வெப்பத் தாக்கு என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. ஓடியவருக்கு வியர்வை கொட்டிக்கொண்டிருக்கும்போதே அது வரலாம். அப்படிக் குழப்பம் தெரிந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999 எண்ணுக்கு அழைக்கவேண்டும். வண்டி வரும்வரை உடலை நனைத்துக் குளிர்விப்பதை நிறுத்தக்கூடாது. தெளிவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றவும் கூடாது. காட்டுக்குள் நாம் நிற்கும் இடத்தைச் சொல்லத் தெரியவேண்டும் என்பதற்காகவே, வழிகாட்டிப் பலகைகளைக் கடக்கும்போது அவற்றைப் படித்துக்கொண்டு போகவேண்டும்.

தண்ணீரை அளவுக்கு மீறிக் குடிப்பதும் ஆபத்து. தாகத்திற்குக் குடித்தால் போதும். இருமல், சளி, முந்திய இரவு தூக்கமின்மை இருந்தால் சுற்றை இன்னொரு நாளைக்குத் தள்ளிப் போடுங்கள். வெப்பத்திற்கு உடல் பழக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். குளிர் நாட்டுக்குப் போய்வந்த மறுநாளே ஓடப் போகாதீர்கள். நம் பகுதியில் ஆண்டில் ஏறக்குறைய பாதி நாள்கள் இடிமின்னல் உண்டு. வானம் இருண்டால் கோபுரம், பாலம், திறந்த நீரோரம் ஆகிய இடங்களை விட்டு விலகிவிடவேண்டும். குரங்குகளைப் பற்றியும் ஒரு சொல்: அவை பிளாஸ்டிக் பையின் ஒலியை நன்கு அறியும். உணவைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடாதீர்கள். கொடுக்கவும் செய்யாதீர்கள், தண்டம் உண்டு. சேற்றைத் தவிர்ப்பதற்காகப் பாதையின் ஓரத்துச் செடிகளை மிதித்துப் புதுவழி போடுவதும் தவறு. அப்படி அகலமாகிப் போன மண் மழையில் கரைந்து, நாம் குடிக்கும் நீர்த்தேக்கத்தில்தான் போய்ச் சேருகிறது.

எங்கள் நண்பர் இரண்டு மாதம் கழித்து மறுபடியும் வந்தார். இந்த முறை பொழுது புலரும்போதே கிளம்பினோம். பாலம் திறந்திராததால் அதை விட்டுவிட்டோம். முதல் மூன்று கிலோமீட்டரில் பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம், மேடுகளில் நடை, இறக்கங்களில் சிற்றடி. கைக்கடிகாரத்தை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை என்று அவர் சொல்வதை நாம் நம்பவில்லை. ஏரிக்கரைக்குத் திரும்பி வந்தபோது ஒரு மணி 35 நிமிடம் ஆகியிருந்தது. நேரே கோப்பிக்கடைக்குப் போய், இரண்டு ரொட்டி பராட்டாவுக்கும் தே தாரிக்குக்கும் சொல்லிவிட்டு, மேசைமேல் விரலால் மறுபடியும் ஏதோ கணக்குப் போடத் தொடங்கினார். கினபாலுவுக்கு எத்தனை மீட்டர் என்று கேட்டார்.